250 பேர் வாழும் பிரெய்ரி கிராமத்தில் குடியேறலாமா? அங்கே பாரம்பரியம் என்று என்ன இருக்கிறது?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். உங்கள் மனைவிக்கு கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் ஒரு டவுனில் உள்ள முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. வீடு மலிவாக இருப்பது பக்கத்திலுள்ள 250 பேர் ஊரில். அங்கே பிள்ளைகளோடு வாழ முடியுமா என்பது முதல் கேள்வி. நூற்றிருபது வயதுகூட ஆகாத ஊரில் பாரம்பரியம் என்று என்ன இருந்துவிடப் போகிறது என்பது இரண்டாவது. நான் இந்த மாகாணத்தில் பருப்புப் பயிர்கள் சம்பந்தமான வேலையில் இருப்பவன். வேலை நிமித்தம் இப்படிப்பட்ட ஊர்களில்தான் என் நாட்கள் பெரும்பாலும் கழிகின்றன. இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது புரிந்தால் முதல் கேள்வியில் பாதி தானாகவே தெளிந்துவிடும்.

நம்மூர்க் கிராமத்தை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் இங்கே எதுவும் பொருந்தாது. நம்மூரில் வீடுகள் ஓரிடத்தில் நெருக்கமாக இருக்கும், வயல் ஊரைச் சுற்றி இருக்கும். பிரெய்ரி எனப்படும் இந்தப் புல்வெளிப் பகுதியின் விவசாயி பெரும்பாலும் ஊருக்குள் குடியிருப்பதில்லை. தன் நிலத்திலேயே, அடுத்த வீட்டிலிருந்து ஒரு மைல் இரண்டு மைல் தள்ளி இருக்கிறார். இதற்குக் காரணம் 1872ல் வந்த டொமினியன் நிலச் சட்டம். 10 டாலர் பதிவுக் கட்டணம் கட்டினால் 160 ஏக்கர் ஒதுக்குவார்கள். மூன்று வருஷம் அந்த நிலத்திலேயே குடியிருந்து, வீடு கட்டி, புல்வெளியை உழுது பயிரிட்டுக் காட்டினால் பட்டா கிடைக்கும். நிலத்திலேயே குடியிருக்க வேண்டும் என்ற அந்த ஒரு நிபந்தனை குடும்பங்களைப் புல்வெளி முழுக்கத் தனித்தனியாகச் சிதறடித்துவிட்டது. மனிதர்கள் வருவதற்கு முன்பே சர்வேயர்கள் வந்து நிலம் முழுவதையும் கட்டம் போட்டுவிட்டார்கள். ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப், அதற்குள் 36 செக்‌ஷன், ஒவ்வொரு செக்‌ஷனும் 640 ஏக்கர். அதில் கால் பங்குதான் அந்த 160 ஏக்கர். இன்றைக்கும் இங்கே யாரும் நிலத்தை ஏக்கரில் சொல்வது குறைவு. "எத்தனை குவார்ட்டர் வைத்திருக்கிறாய்?" என்றுதான் கேட்பார்கள். ஜல்லி போட்ட கிரிட் ரோடுகள் அந்தக் கோடுகளின் மேலேயே ஓடுவதால், திருப்பம் என்று வந்தால் அது நேர் செங்கோணமாகத்தான் இருக்கும்.

அப்படியானால் கிராமம் எங்கிருந்து வந்தது? ரயில் கம்பெனி வைத்தது. குதிரை வண்டியில் கோதுமை ஏற்றிக்கொண்டு வரும் விவசாயி அன்றே வீடு திரும்பும் தூரத்தில், சுமார் எட்டு பத்து மைலுக்கு ஒன்றாக, ஸ்டேஷன்களை வைத்துக்கொண்டே போனார்கள். ஸ்டேஷன் வந்தால் தானியத்தைச் சேமித்து ரயிலில் ஏற்றும் எலிவேட்டர் என்ற கட்டடம் வரும், பிறகு பலசரக்குக் கடை, தபால் ஆபீஸ், சர்ச், பள்ளிக்கூடம், ஒரு ஹோட்டல். அப்புறம் அநேகமாக ஒரு சீனக் கபே. அந்த கபேக்காரரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1885லிருந்து சீனர்கள் நாட்டுக்குள் வருவதற்குத் தலைவரி கட்டினார்கள். 1903ல் அது ஆளுக்கு 500 டாலர் ஆனது. 1923 முதல் 1947 வரை சீனக் குடியேற்றமே ஏறக்குறைய முழுதாகத் தடைசெய்யப்பட்டிருந்தது. சீன முதலாளிகள் வெள்ளைக்காரப் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று இந்த மாகாணம் 1912ல் சட்டமே போட்டது. அப்படி இருந்தும் மனைவி மக்களைச் சீனாவில் விட்டுவிட்டு, ஒரு மனிதர் தன்னந்தனியாக ஒரு பிரெய்ரி கிராமத்தில் முப்பது நாற்பது வருஷம் காபியும் பை (pie) என்ற பண்டமும் விற்றிருப்பார். ஊரே கூடிப் பேசுகிற இடத்தை நடத்தியவர் அந்த ஊரிலேயே மிகத் தனியாக இருந்தவர். இன்று பல ஊர்களில் அந்த இடத்தில் பிலிப்பினோ, கொரியன், பஞ்சாபிக் குடும்பங்களைப் பார்க்கலாம். அவர்களுக்கு முன்னே ஒருவர் என்ன விலை கொடுத்தார் என்பது புதிதாக வரும் நம்மைப் போன்றவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பாரம்பரியம் என்றால் எல்லோரும் முதலில் கைகாட்டுவது எலிவேட்டரைத்தான். அது நியாயமும்கூட. எழுபது எண்பது அடி உயர மரக்கட்டடம். இரண்டுக்கு ஆறு, இரண்டுக்கு எட்டு அங்குலச் சட்டங்களைப் படுக்கைவாட்டில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி ஆணி அடித்தே சுவர் எழுப்பினார்கள். கோதுமை தண்ணீரைப் போலப் பக்கவாட்டில் அழுத்தும்; நிமிர்த்தி வைத்த பலகைகள் அந்த அழுத்தத்தைத் தாங்காது. வண்டி உள்ளே வந்து தராசின் மேல் நிற்கும். தானியத்தைக் கீழே குழியில் கொட்டுவார்கள். குவளைகள் கட்டிய நீளமான பெல்ட் ஒன்று அதை அள்ளிக்கொண்டு உச்சிக்குப் போகும். அங்கிருந்து ரகத்துக்கும் தரத்துக்கும் தக்கபடி அறை அறையாக இறங்கும். ரயில் பெட்டி வந்து நின்றால் குழாய் வழியாகத் தன் எடையிலேயே வழிந்து நிரம்பும். 1933ல் மூன்று பிரெய்ரி மாகாணங்களிலும் சேர்த்து 5,758 எலிவேட்டர்கள் இருந்தன. ஊர்ப் பெயரை அதில் பெரிய எழுத்தில் எழுதியிருப்பார்கள். பல மைல் தூரத்திலிருந்தே எந்த ஊர் வருகிறது என்று தெரிந்துவிடும். பிறகு நூறு பெட்டி ரயிலை ஒரே நாளில் நிரப்பும் கான்கிரீட் டெர்மினல்கள் வந்தன. கிளை ரயில் பாதைகளை மூடினார்கள். 1990களில் எலிவேட்டர்களை வரிசையாக இடித்துத் தள்ளினார்கள். இன்று மிச்சம் இருப்பவை சில நூறுதான். மானிட்டோபாவில் இங்லிஸ் என்ற சின்ன ஊரில் 1922க்கும் 1941க்கும் இடையில் கட்டிய ஐந்து எலிவேட்டர்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. அவை தேசிய வரலாற்றுச் சின்னம். எங்கள் மாகாணத்தில் ஃபிளெமிங் என்ற ஊரில் 1895ல் கட்டிய எலிவேட்டர் இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் வருஷக்கணக்காகப் பணம் சேர்த்து அதைச் சீர்படுத்திக்கொண்டு வந்தார்கள். 2010 பிப்ரவரியில் யாரோ தீ வைத்ததில் எரிந்துபோனது.

ஆனால் எலிவேட்டரை ஒரு கட்டடமாக மட்டும் பார்த்தால் கதையின் முக்கியமான பகுதி விட்டுப்போகும். அந்தக் கட்டடம் விவசாயிகளுக்கு முதலில் எதிரியாக இருந்தது. ஊருக்கு ஒரே எலிவேட்டர் கம்பெனி. எடையை அவர்களே போடுவார்கள், தரத்தை அவர்களே சொல்வார்கள், தூசி என்று எவ்வளவு கழிப்பது என்பதையும் அவர்களே முடிவு செய்வார்கள். எலிவேட்டர் வழியாகப் போகாமல் விவசாயியே நேரடியாக ரயில் பெட்டியில் ஏற்றி அனுப்பலாம் என்று சட்டம் இருந்தும், ஸ்டேஷனில் பெட்டி கிடைக்காது. 1901ல் விளைச்சல் அமோகமாக இருந்தது. பாதிக் கோதுமையை அனுப்ப வழியில்லாமல் தவித்தார்கள். அந்தக் குளிர்காலத்தில்தான் இந்தியன் ஹெட் என்ற ஊரில் டபிள்யூ. ஆர். மதர்வெல் முதலான விவசாயிகள் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். அடுத்த வருஷம் பக்கத்து ஊரான சின்டலூட்டாவில், வரிசைப்படி பெட்டி ஒதுக்கவில்லை என்று கனேடியன் பசிபிக் ரயில்வேயின் ஏஜென்ட் மேல் வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். கம்பெனி மேல்முறையீடு செய்தும் தீர்ப்பு மாறவில்லை. ஒரு சிற்றூர் விவசாயிகள், நாட்டின் மிகப் பெரிய கம்பெனிக்கு எதிராக! அதே சின்டலூட்டாவைச் சேர்ந்த ஈ. ஏ. பார்ட்ரிட்ஜ் முன்னின்று 1906ல் விவசாயிகளின் சொந்த தானியக் கம்பெனி வந்தது. 1924ல் சஸ்காட்செவன் வீட் பூல் என்ற கூட்டுறவு வந்து, ஊர் ஊராகத் தன் சொந்த எலிவேட்டர்களையே கட்டியது. விவசாயி தானே ரயில் பெட்டியைக் கேட்டு வாங்கி நிரப்பும் உரிமை இன்றைக்கும் கனடா தானியச் சட்டத்தில் இருக்கிறது.

இந்த ஊர்களின் பாரம்பரியம் என்று நான் நம்புவது இதைத்தான்: தனியாளால் முடியாததைச் சேர்ந்து செய்து முடிக்கும் பழக்கம். அது நல்ல குணத்தினால் மட்டும் வந்ததில்லை, நிர்ப்பந்தத்தில் பிறந்தது. மைலுக்கு ஒரு வீடு, ஆறு மாதம் பனி, மைனஸ் 40 குளிர். இதில் அக்கம்பக்கம் கைகொடுக்காவிட்டால் உயிரே போகும்.

மருத்துவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் சார்னியா என்ற கிராம முனிசிபாலிட்டியில், வருமானம் போதாமல் டாக்டர் ஊரைவிட்டுப் போகிற நிலைமை. முனிசிபாலிட்டி வரிப்பணத்திலிருந்து 1,500 டாலர் கொடுத்து அவரை நிறுத்திக்கொண்டது. பிற ஊர்களும் அதைப் பார்த்துச் செய்தன. அப்புறம் இரண்டு மூன்று ஊர்கள் சேர்ந்து வரி போட்டு ஆஸ்பத்திரி கட்டின. 1930களின் வறட்சியில் இந்த ஏற்பாடு இல்லாமலிருந்தால் எத்தனையோ பேர் செத்திருப்பார்கள். வேபர்ன் டவுனில் சர்ச் போதகராக இருந்து அந்த வறுமையை நேரில் பார்த்த டாமி டக்ளஸ் 1944ல் மாகாண முதல்வர் ஆனார். 1947ல் எல்லோருக்கும் ஆஸ்பத்திரி காப்பீடு வந்தது. 1962 ஜூலை 1ம் தேதி, டாக்டர்களின் வேலைநிறுத்தத்துக்கு நடுவே, எல்லோருக்குமான மருத்துவக் காப்பீடு சட்டமாக நடைமுறைக்கு வந்தது. பின்னால் கனடா முழுக்கப் பரவியது அதுதான். உங்கள் மனைவி வேலைக்குப் போகப்போகிற அந்த முதியோர் இல்லத்துக்கும் இந்தச் சரித்திரத்தில் வேர் உண்டு.

வறட்சி என்று ஒரு வார்த்தையில் கடந்துவிட்டேன். அதை இங்குள்ள பெரியவர்கள் அப்படிக் கடக்க மாட்டார்கள். கோதுமை விலை 1932 வாக்கில் புஷல் என்ற தானிய அளவுக்கு 35 சென்ட் என்று விழுந்தது. அதே சமயத்தில் மழையும் நின்றது. உழுது உழுது தரிசாகப் போட்ட மேல்மண் காற்றில் பறந்து வேலி உயரத்துக்குக் குவிந்தது. பெட்ரோலுக்குக் காசில்லாமல் கார் என்ஜினைக் கழற்றிவிட்டுக் குதிரை பூட்டி ஓட்டினார்கள். அப்போதைய பிரதமர் பெயரால் அதை பென்னட் வண்டி என்றார்கள். கிழக்குக் கடற்கரை மாகாணங்களிலிருந்து நிவாரணமாக ரயிலில் உப்புக் கருவாடு வந்தது. கடலையே பார்த்திராத சனங்களுக்கு அதை எப்படிச் சமைப்பதென்று தெரியவில்லை. இங்கே எண்பது வயதுக்காரர் ஒருவர் ஆணி, கம்பி, பழைய பலகை எதையும் தூக்கிப்போடாமல் கொட்டகையில் சேர்த்து வைத்திருந்தால் அதற்குப் பின்னால் அவருடைய அப்பா அம்மாவின் முப்பதுகள் இருக்கின்றன. வீட்டைச் சுற்றி வரிசையாக நிற்கும் காற்றுத்தடுப்பு மரங்களும் இந்த மண்ணில் தானாக முளைத்தவையில்லை. இந்தியன் ஹெட்டில் இருந்த அரசு நாற்றங்கால் நூறு வருஷத்துக்கு மேலாக விவசாயிகளுக்கு மரக்கன்றுகள் கொடுத்து வந்தது. 2013ல் அந்தத் திட்டத்தை நிறுத்தினார்கள். எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம் அது.

சரி, ஊரின் சரித்திரத்தை எங்கே படிப்பது? ஏறக்குறைய ஒவ்வொரு ஊருக்கும் கனமான ஒரு ஊர்ச் சரித்திரப் புத்தகம் இருக்கும். மாகாணத்தின் 75ம் ஆண்டு விழா 1980ல் வந்தபோது, ஊர்ப் பெண்கள் கமிட்டி அமைத்து, வீடு வீடாகப் போய்க் கதை கேட்டு, போட்டோ வாங்கித் தொகுத்தவை பல. எந்தக் குடும்பம் எந்த வருஷம் எங்கிருந்து வந்தது, எந்தக் குவார்ட்டரில் இறங்கியது, யாருடைய குழந்தை ஃப்ளூ காய்ச்சலில் போனது, ஒற்றை அறைப் பள்ளியில் யார் யார் டீச்சர், எல்லாம் இருக்கும். குடியேறியதும் முதல் வேலையாக அதை வாங்குங்கள். உங்கள் வீட்டை யார் கட்டினார், அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆயிற்று என்பது அதில் இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அந்தப் புத்தகங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பெரிய குறை இருக்கிறது. அவை முதல் குடியேறி வந்த நாளிலிருந்து தொடங்கும். அதற்கு முன் அங்கே யார் இருந்தார்கள் என்பது ஒரு பக்கத்தில் முடிந்துவிடும், அல்லது இருக்கவே இருக்காது.

இதை விளங்கச் சொல்ல, சஸ்கட்டூனுக்கு வடக்கே உள்ள லேர்ட் என்ற கிராமத்தைச் சொல்கிறேன். டேவிட் லேர்ட் வடமேற்குப் பிரதேசங்களின் துணைநிலை ஆளுநராக இருந்தவர், பூர்வகுடி மக்களோடு ஒப்பந்தங்கள் செய்த அரசுப் பிரதிநிதி. 1876ல், அங்கிருந்து அதிக தூரமில்லாத கார்ல்டன் கோட்டையில், க்ரீ மக்களோடு ஆறாம் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதில் ஒப்பமிட்ட குழுக்களில் ஒன்று யங் சிப்பெவேயன். அவர்களுக்கு இன்றைய லேர்ட் பகுதியில் சுமார் 30 சதுர மைல் நிலத்தை அளந்து ஒதுக்கினார்கள். காட்டெருமைகள் அழிந்து பஞ்சம் வந்தது. பசிக்கு வேட்டை தேடித் தெற்கே போனார்கள். அவர்கள் அங்கே குடியிருக்கவில்லை என்று சொல்லி 1897ல் அரசு அந்த ஒதுக்கீட்டை ரத்து செய்தது. அவர்களிடம் கேட்கவில்லை, ஈடும் கொடுக்கவில்லை. நிலத்தை மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டது. லூத்தரன் சபைக்காரர்களும் வந்தார்கள். ஒப்பந்தங்கள் செய்த ஒரு அரசுப் பிரதிநிதியின் பெயரில் ஊர், ஒப்பந்தம் மீறப்பட்ட நிலத்தில்.

அங்கே வந்த மென்னோனைட்டுகளும் நிலையாக ஓரிடத்தில் இருக்க விடப்பட்டவர்கள் இல்லை. ஆயுதம் எடுக்க மாட்டோம் என்ற கொள்கைக்காகப் பல தலைமுறையாக நாடு நாடாக நகர்ந்தவர்கள். ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு, 1923ல், அகதிகளாக வந்த முதல் கூட்டம் பக்கத்து ஊரான ராஸ்தெர்ன் ஸ்டேஷனில்தான் இறங்கியது. உள்ளூர்க்காரர்கள் அவர்களைத் தங்கள் வீடுகளில் வைத்துக்கொண்டார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு, தாங்கள் உழுகிற மண் இன்னொருவரிடமிருந்து பறிக்கப்பட்டது என்ற செய்தி 1970களில்தான் நேரடியாக வந்து சேர்ந்தது. அந்த க்ரீ குழுவின் வழித்தோன்றல்கள் வந்து சொன்னார்கள். முதலில் பயம்தான். வீட்டை, நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயம். பேச்சு நடக்கப் பல வருஷம் ஆனது. 2006 ஆகஸ்டில் ஸ்டோனி நோல் என்ற குன்றின் மேல் மூன்று தரப்பும் கூடி ஒரு புரிந்துணர்வு ஆவணத்தில் கையெழுத்திட்டார்கள். இப்போது அங்கிருக்கும் விவசாயிகளை வெளியேற்றுவது யாருடைய கோரிக்கையும் இல்லை. அரசு தன் வாக்கை மீறியதற்கு ஈடு தர வேண்டும் என்பதுதான் கோரிக்கை. வழித்தோன்றல்கள் யார் யார் என்று வம்சாவளி ஆதாரம் தேவைப்பட்டபோது அந்த ஆராய்ச்சிக்குச் சபைக்காரர்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். பிரெய்ரி ஊர்களின் பாரம்பரியம் பற்றி யார் கேட்டாலும் எலிவேட்டரைவிட முதலில் நான் சொல்ல விரும்புவது இந்தக் குன்றைப் பற்றித்தான். ஊர் தன் சரித்திரத்தின் விடுபட்ட பக்கத்தைத் தானே எழுதத் தொடங்கிய இடம் அது.

லேர்ட் என்ற பெயருக்கு என் தொழிலில் வேறொரு இடமும் உண்டு. சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தில் ஆல் ஸ்லிங்கார்ட் என்ற விஞ்ஞானி 1972லிருந்து லெண்டில் (மைசூர் பருப்பு வகை) பயிரில் வேலை செய்தார். 1978ல் அவர் வெளியிட்ட பெரிய பச்சை ரகத்துக்கு லேர்ட் என்று பெயர். 1980ல் வந்த சின்ன ரகத்துக்கு எஸ்டன். இரண்டும் இந்த மாகாணத்து ஊர்ப் பெயர்கள். அதுவரை இங்கே கோதுமை ஒரு வருஷம், அடுத்த வருஷம் தரிசு என்பதே வழக்கம். காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் பருப்புப் பயிர் வந்ததும், குறிப்பாக வறண்ட தென்மேற்குப் பகுதியில், அந்தத் தரிசு வழக்கம் மறையத் தொடங்கியது. பிறகு சிவப்பு ரகங்கள் வந்தன. நாம் மைசூர் பருப்பு என்று வாங்குவதில், இலங்கையில் சோற்றுக்கும் பாணுக்கும் தினமும் வைக்கிற பருப்புக் கறியில், இந்த வயல்களிலிருந்து வந்தது நிறைய. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் துவரம் பருப்புக்குப் பதிலாகக் கொடுத்த கனடா மஞ்சள் பருப்பையும் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அது இங்குள்ள மஞ்சள் பட்டாணி. அதனால் 2017 நவம்பரில் இந்தியா பட்டாணிக்கு 50 சதவீதமும், டிசம்பரில் லெண்டிலுக்கும் கொண்டைக்கடலைக்கும் 30 சதவீதமும் இறக்குமதி வரி போட்டபோது, அந்தக் குளிர்காலம் முழுக்க இந்தச் சின்ன ஊர்க் காபிக் கடைகளில் பேச்சு அதுதான். இந்தியப் பருவமழை எப்படி என்று நம்மைவிட அக்கறையாக விசாரிக்கும் கனடியர்களை நீங்கள் அங்கே பார்ப்பீர்கள். கோதுமையிலும் இப்படி ஓர் உறவு உண்டு. இந்தப் பிரெய்ரியை உலகக் களஞ்சியமாக்கிய மார்க்கி ரகம், ரெட் ஃபைஃப் கோதுமையையும் இந்தியாவிலிருந்து போன ஹார்ட் ரெட் கல்கத்தா கோதுமையையும் கலந்து உருவானது. ரெட் ஃபைஃபைவிட ஒரு வாரம் முன்னதாக விளைந்து, உறைபனியிலிருந்து தப்பியது. ராஸ்தெர்ன் விவசாயி சீகர் வீலர் 1911ல் நியூயார்க்கில் உலகத்திலேயே சிறந்த கோதுமை என்ற பரிசை வாங்கியது இந்த மார்க்கியை வைத்துத்தான்.

இனி உங்கள் முதல் கேள்வி.

ஊர் ஏன் 250 பேராகச் சுருங்கியது என்று தெரிந்துகொண்டு போங்கள். 1936ல் சஸ்காட்செவனில் ஒரு லட்சத்து 42 ஆயிரம் பண்ணைகள் இருந்தன. 2021 கணக்கில் 34 ஆயிரம். சராசரிப் பண்ணை 1,700 ஏக்கரைத் தாண்டிவிட்டது. இயந்திரம் பெரிதாகப் பெரிதாக ஆள் குறைகிறது, ஆள் குறைந்தால் பள்ளி மூடுகிறது, பள்ளி மூடினால் இளம் குடும்பம் வராது. எனவே பிள்ளைகளோடு ஒரு குடும்பம் வருகிறது என்றால் அந்த ஊருக்கு அது பெரிய செய்தி. உங்களை வரவேற்பார்கள், அதில் சந்தேகம் வேண்டாம். வந்த வாரத்திலேயே யாராவது பை சுட்டு எடுத்துக்கொண்டு கதவைத் தட்டுவார்கள். எதிரே வரும் வண்டிக்காரர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவார். அதுதான் வணக்கம், நீங்களும் தூக்குங்கள். உங்களைப் பற்றி எல்லாமும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். இது சிலருக்கு மூச்சுமுட்டும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். நிறத்தை வைத்து அசட்டுத்தனமான கேள்விகள் வரும். சில சமயம் அசட்டுத்தனத்தைத் தாண்டியும் வரும். பூர்வகுடி மக்களைப் பற்றிச் சிலர் பேசும் விதம் உங்களைச் சங்கடப்படுத்தும். அந்தப் பேச்சில் ஒத்துப்போய்த்தான் ஊரில் இடம் பிடிக்க வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஊரோடு ஒட்டுவதற்கு வழி ரிங்க்தான். ஐஸ் ஹாக்கி, ஐஸ் மேல் கல்லைத் தள்ளி விளையாடும் கர்லிங் இரண்டும் நடக்கும் அந்தக் கொட்டகைதான் குளிர்காலத்தில் ஊரின் கூடம். அதைப் பெரும்பாலும் ஊர்க்காரர்களே முறை வைத்து நடத்துகிறார்கள். ஐஸ் போடுவது, கேன்டீனில் சூப் ஊற்றுவது, கணக்கு எழுதுவது எல்லாம் தன்னார்வ வேலை. விளையாடத் தெரியாவிட்டாலும் கேன்டீன் முறையில் பெயர் கொடுங்கள். கர்லிங் எந்த வயதிலும் கற்றுக்கொள்ளலாம், சொல்லிக்கொடுக்கப் போட்டி போடுவார்கள். காலையில் கோ-ஆப் கடையிலோ பெட்ரோல் பங்க் ஓரத்திலோ ஒரு மேஜையைச் சுற்றி விவசாயிகள் காபி குடித்துக்கொண்டிருப்பார்கள், அதற்குக் காபி ரோ என்று பெயர். விலைவாசி, மழை, யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை எல்லாம் அங்கே தெரியும். அக்டோபர் வாக்கில் ஃபவுல் சப்பர் வரும். சர்ச்சோ கமிட்டியோ நடத்தும் ஊர் விருந்து. வான்கோழி பிரதானம். உக்ரேனியர்கள் குடியேறிய பகுதியாக இருந்தால் பெரோகி என்ற கொழுக்கட்டையும் முட்டைக்கோஸ் இலையில் சுற்றிய சோறும், மென்னோனைட் பகுதியாக இருந்தால் பண்ணை சாஸேஜும் போர்ஷ் சூப்பும் சேரும். சைவமாக இருந்தால் உருளைக்கிழங்கு பெரோகியும் சஸ்கட்டூன் பெர்ரி பையும் போதும், வயிறு நிறைந்துவிடும். அறுவடைக் காலத்தில் ஒரு விவசாயி நோயில் விழுந்தாலோ இறந்துவிட்டாலோ, அக்கம்பக்கத்துக்காரர்கள் தங்கள் கம்பைன் அறுவடை இயந்திரங்களை ஓட்டிக்கொண்டு வந்து அவர் பயிரை ஒரே நாளில் அறுத்துக் கொடுத்துவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன். யாரும் அதைப் பெரிய விஷயமாகப் பேசுவதில்லை.

கஷ்டங்களையும் சொல்லிவிடுகிறேன். கார் இல்லாமல் இங்கே ஒருநாள்கூட ஓடாது. ஊர்களை இணைத்த மாகாண அரசின் பஸ் சேவையை 2017 மே 31ம் தேதியோடு மூடிவிட்டார்கள். ஆகவே இரண்டு பேருமே லைசென்ஸ் எடுங்கள். வேலைக்குப் போகிறவர் காரை எடுத்துக்கொண்டு போய்விட, வீட்டிலிருப்பவர் நாள் முழுக்க நான்கு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் முதல் குளிர்காலத்திலேயே மனம் உடைந்துவிடும். முடிந்தால் இரண்டு கார். என்ஜினுக்கு பிளாக் ஹீட்டர் வைத்து இரவில் பிளக் செருக வேண்டும். காரில் போர்வை, மெழுகுவர்த்தி, மண்வாரி எப்போதும் இருக்கட்டும். பனிப்புயலில் வண்டி சிக்கினால் வண்டியை விட்டு இறங்கி நடக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு ஸ்கூல் பஸ் வரும், ஆனால் ஒரு வழிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். மஞ்சள் தூள், புளி, கறிவேப்பிலை எல்லாம் சஸ்கட்டூனிலோ ரெஜைனாவிலோ மாதத்துக்கு ஒருமுறை வாங்கி ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளலாம். உளுந்து, அரிசி அங்கேயே மூட்டையாகக் கிடைக்கும்.

வீட்டின் விலையைப் பார்த்து மயங்கி உடனே கையெழுத்துப் போட வேண்டாம். மலிவான வீடு என்றால் அநேகமாகப் பழைய வீடு. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் எத்தனை வருஷம் ஆனது, அடித்தளச் சுவரில் விரிசல் இருக்கிறதா, கூரையில் குளிர்த்தடுப்பு எவ்வளவு என்று ஓர் இன்ஸ்பெக்டரை வைத்துப் பாருங்கள். போன குளிர்கால கேஸ் பில்லைக் கேட்டு வாங்குங்கள். ஊரின் குடிநீர் நிலைமையைக் கிராம ஆபீசில் கேளுங்கள். காய்ச்சிக் குடிக்கச் சொல்லும் அறிவிப்பு அடிக்கடி வருகிற ஊர்களும் உண்டு. அந்த ஆபீசில் இருக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர்தான் ஊரில் நீங்கள் முதலில் பழக வேண்டிய ஆள். வரி, தண்ணீர், குப்பை, ரிங்க் சாவி எல்லாம் அவரிடம்தான், வாடகைக்கு வீடு எது காலியாக இருக்கிறது என்பது உட்பட. முடிந்தால் முதல் வருஷம் வாடகைக்கு இருந்துவிட்டு, ஒரு ஜனவரியைப் பார்த்த பிறகு வாங்குங்கள். நீங்கள் கோடையில் போய்ச் சேருவதாக இருந்தால் பிள்ளைகளின் ஹாக்கி, ஸ்கேட்டிங் பதிவு செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். ஸ்கேட் புதிதாக வாங்க வேண்டாம், ரிங்க்கில் கேட்டால் யாருடைய பிள்ளைக்காவது காலுக்குச் சிறிதாகிப்போன ஜோடி ஒன்று கண்டிப்பாக இருக்கும்.